பேட்டரி லைட் வெளிச்சத்தில் வளையம், மஞ்சள் ஓரம்... குறையா, இயல்பா? விலை கொடுத்து வாங்குபவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

ஆறாயிரம், எட்டாயிரம் ரூபாய் கொடுத்து ஆன்லைனில் நல்ல டார்ச் லைட் ஒன்றை வாங்குகிறீர்கள். பார்சல் வந்த அன்றைக்கே அறையில் விளக்கை அணைத்துவிட்டு, வெள்ளைச் சுவரில் அடித்துப் பார்க்கிறீர்கள். நடுவில் பளிச்சென்று ஒரு வட்டம். ஆனால் அதைச் சுற்றி லேசாக மஞ்சள் வளையம். இன்னும் கொஞ்சம் வெளியே மங்கலான ஒரு கோடு. ஒரு பக்கம் வெளிச்சம் சற்றுத் தூக்கலாகவும் தெரிகிறது.

"நூத்தம்பது ரூபா லைட்டே பரவாயில்ல போலிருக்கே, இவ்ளோ காசு குடுத்தும் இப்படியா?" என்று மனசு சோர்ந்துபோகும். திருப்பி அனுப்பலாமா, வைத்துக்கொள்ளலாமா என்ற குழப்பமும் வரும்.

சுவரில் தெரியும் எல்லாமே குறை இல்லை. அதே சமயம், "எல்லா லைட்டும் அப்படித்தான் சார்" என்று கடைக்காரர் சொல்வதை எல்லாம் அப்படியே ஏற்றுக்கொள்ளவும் வேண்டியதில்லை. எது இயல்பு, எது உண்மையான கோளாறு, அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக:

- லேசான நிற வேறுபாடு, மெல்லிய வளையங்கள் ஆகியவை பெரும்பாலும் இயற்பியல் காரணங்களால் வருபவை. பழுது அல்ல.
- நடுப்புள்ளி வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் இழுப்பது, கண்ணாடிக்கு உள்ளே ஈரம், மினுக்கல், நாளுக்கு நாள் பெரிதாகும் கரும்புள்ளி ஆகியவை உண்மையான கோளாறுகள்.
- வெள்ளைச் சுவரை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. லைட்டை எங்கே பயன்படுத்தப் போகிறீர்களோ, அங்கே அடித்துப் பார்க்க வேண்டும்.

உத்திரமேரூர் பக்கம் இது ஏன் முக்கியம்?

காஞ்சிபுரம் மாவட்டத்தின் தென்பகுதியில் இருக்கும் உத்திரமேரூர் வட்டாரம், ஏரிப் பாசனத்தையும் கிணற்றுப் பாசனத்தையும் நம்பி நெல் விளையும் பகுதி. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று எந்தப் பட்டமாக இருந்தாலும், ராத்திரியில் கழனிக்குப் போகாமல் விவசாயம் இல்லை. த்ரீ ஃபேஸ் கரண்ட் வரும் நேரம் பார்த்து மோட்டார் போட வேண்டும். மடை மாற்றிவிட வேண்டும். மழைக்காலத்தில் கலங்கலில் எவ்வளவு தண்ணி போகிறது, கரையில் எங்காவது கசிவு இருக்கிறதா என்று பார்க்க ஏரிக்கரையில் நடக்க வேண்டும்.

இந்த வேலைகளில் கையில் இருக்கும் பேட்டரி லைட் ஆடம்பரப் பொருள் அல்ல. வரப்பில் அடுத்த காலடி எங்கே விழப்போகிறது என்பதைக் காட்டுவதே அதுதான்.

பாம்புக்கடியின் கணக்கைப் பார்த்தால் இதன் அருமை புரியும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என்று 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இவர்களில் பெரும்பாலானோர் கிராமத்து மக்கள். உலக சுகாதார அமைப்பு 2017-ல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாடு அரசும் 2024 நவம்பரில், பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

இரவில் வெளியே போகும்போது காலில் செருப்பும் கையில் வெளிச்சமும் இருக்க வேண்டும் என்பது பாம்புக்கடியைத் தவிர்க்கச் சொல்லப்படும் அடிப்படை அறிவுரை. அதனால் ஒரு லைட்டின் வெளிச்சத்தை மதிப்பிடும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, "சுவரில் அழகா இருக்கா?" என்பதல்ல. "வரப்பில் கிடப்பதைக் காட்டுமா?" என்பதுதான்.

வெளிச்சத்தில் எத்தனை பகுதி இருக்கு?

டார்ச் வெளிச்சத்தைச் சுவரில் அடித்தால் பொதுவாக இரண்டு பகுதிகள் தெரியும்.

நடுப்புள்ளி: மையத்தில் இருக்கும் பளிச்சென்ற வட்டம். எல்இடியின் பக்கவாட்டில் கிளம்பும் ஒளி, கிண்ணம் போன்ற ரிஃப்ளெக்டரில் பட்டுத் திரும்பி, குவிந்து இதை உண்டாக்குகிறது. தூரத்தில் இருப்பதைக் காட்டுவது இதுதான்.

சுற்று வெளிச்சம்: நடுப்புள்ளியைச் சுற்றிப் பரந்து விழும் மங்கலான வெளிச்சம். ரிஃப்ளெக்டரில் படாமல் எல்இடியிலிருந்து நேராக வெளியே வரும் ஒளி இது. காலடியையும் வரப்பின் இரண்டு பக்கங்களையும் காட்டுவது இதுதான்.

இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் வளையங்கள், நிற மாற்றம் எல்லாம் தெரியும். வெவ்வேறு பாதையில் வரும் இரண்டு வெளிச்சம் அங்கே சந்திக்கிறது. அதனால் தையல் போட்ட இடம் மாதிரி ஒரு தடம் தெரியத்தான் செய்யும்.

மஞ்சள் ஓரம் எப்படி வருகிறது?

வெள்ளை எல்இடி என்று ஒன்று நேரடியாகக் கிடையாது. உள்ளே இருப்பது நீல ஒளி தரும் சிப். அதன்மேல் மஞ்சள் நிறப் பாஸ்பர் பூச்சு இருக்கும். நீல ஒளியின் ஒரு பகுதி அந்தப் பூச்சில் பட்டு மஞ்சளாக மாறுகிறது. மிச்ச நீலமும் இந்த மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. இதற்கெல்லாம் அடிப்படையான நீல எல்இடியைக் கண்டுபிடித்ததற்காகத்தான் அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். சிப்பிலிருந்து நேராக மேலே போகும் ஒளி, பூச்சைக் குறுக்கே சீக்கிரம் கடந்துவிடுகிறது. சாய்வாகப் போகும் ஒளி அதே பூச்சில் கூடுதல் தூரம் பயணிக்கிறது. கூடுதல் தூரம் போனால் கூடுதல் மஞ்சள். அதனால் நேராக வரும் ஒளியில் லேசான நீலச் சாயலும், பக்கவாட்டில் வரும் ஒளியில் லேசான மஞ்சள் அல்லது பச்சைச் சாயலும் இருக்கும். ரிஃப்ளெக்டர் இந்த இரண்டையும் வேறு வேறு இடங்களுக்கு அனுப்புவதால், சுவரில் நடுவே ஒரு நிறமும் ஓரத்தில் ஒரு நிறமும் தெரிகிறது.

விலை உயர்ந்த லைட்டிலும் இது இருக்கும். சொல்லப்போனால், சிறிய சிப்பிலிருந்து அதிக வெளிச்சம் எடுக்கும் சில நவீன எல்இடிகளில் இது கூடுதலாகவே தெரியும்.

அதேபோல, "அண்ணன் வாங்கின லைட் வெள்ளையா இருக்கு, அதே மாடல் என்னுது மஞ்சளா இருக்கே" என்ற புகாரும் வரும். தொழிற்சாலையில் எல்இடிகள் எல்லாம் அச்சுவார்த்த மாதிரி ஒரே நிறத்தில் வருவதில்லை. வந்தவற்றை நிறவாரியாகப் பிரித்துத்தான் விற்கிறார்கள். ஒரே பிரிவுக்குள்ளும் சின்ன வேறுபாடு இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண் அதைக் கண்டுபிடித்துவிடும். தனியாக ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் நடந்தால், கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகி அதையே வெள்ளையாக எடுத்துக்கொள்ளும்.

வளையம், பூ இதழ், சதுரம்: எதனால் வருகிறது?

மெல்லிய வளையங்கள்: ரிஃப்ளெக்டர் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால், அது எல்இடியின் விளிம்பு, அடிப்பலகை என எல்லாவற்றின் பிரதிபலிப்பையும் அப்படியே சுவரில் கொண்டுபோய்ப் போடும். அதுதான் வளையங்களாகத் தெரிகிறது. வழவழப்பான ரிஃப்ளெக்டர் ஒளியைத் தூரமாக அனுப்பும். அதற்குக் கொடுக்கும் விலை இந்த வளையங்கள். ஆரஞ்சுப் பழத்தின் தோல் மாதிரி சொரசொரப்பாகச் செய்த ரிஃப்ளெக்டரில் வளையங்கள் கலைந்துவிடும், ஆனால் தூரம் கொஞ்சம் குறையும்.

பூ இதழ் போன்ற ஓரம்: மூன்று, நான்கு எல்இடி உள்ள லைட்டில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கிண்ணம் இருக்கும். அதனால் சுற்று வெளிச்சத்தின் வெளி விளிம்பு வட்டமாக இல்லாமல் இதழ் இதழாகத் தெரியும். வடிவமைப்பே அப்படித்தான்.

நடுவில் லேசான இருட்டு: நான்கு சிப்களை ஒன்றாக ஒட்டிய பெரிய எல்இடியில், சிப்களுக்கு நடுவே உள்ள கூட்டல் குறி போன்ற இடைவெளி வெளிச்சம் தராது. அதனால் கைக்கெட்டும் தூரத்தில் அடிக்கும்போது நடுவில் சின்னக் கருந்திட்டு தெரியலாம். சில அடி தள்ளி அடித்ததும் மறைந்துவிட்டால் கவலை இல்லை.

சதுர வெளிச்சம்: முன்பக்கத்தை இழுத்து ஜூம் செய்யும் லைட்டுகளில் குவிலென்ஸ் இருக்கும். முழு ஜூமில் அது எல்இடி சிப்பின் உருவத்தையே சுவரில் காட்டும். சிப் சதுரமாக இருப்பதால் வெளிச்சமும் சதுரமாக விழுகிறது.

முன் கண்ணாடியில் ஊதா நிறம்: லைட் அணைந்திருக்கும்போது கண்ணாடியில் ஊதா அல்லது நீலப் பளபளப்பு தெரிந்தால், அது ஒளி திரும்பி எதிரொளிக்காமல் இருக்கப் போட்ட பூச்சு. மூக்குக் கண்ணாடிகளிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். கறை என்று நினைத்துத் தேய்த்துவிடாதீர்கள்.

சின்னக் குறையால் எவ்வளவு இழப்பு? ஒரு எளிய கணக்கு

பெட்டியின்மேல் "200 மீட்டர்" என்று தூரம் போட்டிருக்கும். நல்ல நிறுவனங்கள் இதை எஃப்எல் 1 என்ற தரமுறைப்படி அளக்கின்றன. 2009-ல் வந்து, 2019-ல் புதுப்பிக்கப்பட்ட அமெரிக்கத் தரமுறை இது. அதன்படி, வெளிச்சம் 0.25 லக்ஸ் அளவுக்குக் குறையும் இடம்தான் லைட்டின் எல்லை. அது ஏறக்குறைய பௌர்ணமி நிலவொளியின் அளவு. அதாவது 200 மீட்டர் என்றால், 200-வது மீட்டரில் நிலா வெளிச்சம் அளவுக்குத்தான் தெரியும். பாதித் தூரமான 100 மீட்டரில் அதைப்போல நான்கு மடங்கு வெளிச்சம் இருக்கும்.

200 மீட்டருக்குத் தேவையான மைய ஒளிச்செறிவு 10,000 கேண்டெலா. ஏதோ ஒரு சின்னக் குறையால் அதில் 10 சதவீதம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 9,000 கேண்டெலா. தூரம் எவ்வளவு குறையும்? சுமார் 190 மீட்டர் ஆகும். 20 சதவீதமே போனாலும் கிட்டத்தட்ட 179 மீட்டர் கிடைக்கும். ஏரிக்கரையில் நின்று எதிரே இருக்கும் மரத்தின்மேல் அடிக்கும்போது இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது.

கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம்: எஃப்எல் 1 முறை லூமன், தூரம், எவ்வளவு நேரம் எரியும், தண்ணீர் தாங்குமா, கீழே விழுந்தால் தாங்குமா என்பதை எல்லாம் அளக்கிறது. வெளிச்சம் வழுவழுப்பாக இருக்கிறதா, நிறம் சீராக இருக்கிறதா என்பதற்கு அது மதிப்பெண் போடுவதில்லை. அதனால் பெட்டியில் உள்ள எண்களை வைத்து இந்தக் குறைகளைக் கண்டுபிடிக்க முடியாது. கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எது உண்மையான கோளாறு?

கீழே உள்ளவை இருந்தால் "எல்லா லைட்டும் அப்படித்தான்" என்ற பதிலை ஏற்க வேண்டாம்.

1. நடுப்புள்ளி முட்டை வடிவில் இருப்பது: எல்இடி கிண்ணத்தின் மையத்தில் உட்காரவில்லை என்பதன் அடையாளம் இது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நகர்வு போதும், வட்டம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, பிறை போல ஒரு ஓரம் தூக்கலாகத் தெரியும். மிக லேசாக இருந்தால் பயன்பாட்டில் பாதிப்பில்லை. பத்து அடி தள்ளி நின்றாலும் தெளிவாகத் தெரிந்தால் பொருத்துவதில் நடந்த பிழை.

2. தூரத்திலும் மறையாத நடு இருட்டு: பத்து, இருபது அடி தள்ளி அடித்தாலும் நடுவில் ஓட்டை போல இருட்டு இருந்தால், எல்இடி குவியப் புள்ளியில் இல்லை என்று அர்த்தம். தூரத்துக்குப் போக வேண்டிய வெளிச்சம் வீணாகிறது.

3. கண்ணாடிக்கு உள்பக்கம் ஈரம்: வெளிப்பக்கப் பனியைத் துடைத்தால் போய்விடும். உள்ளே ஆவி படிந்தால், தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை. மழையில் நனையும் லைட்டுக்கு இது பெரிய குறை.

4. எல்இடியின்மேல் கரும்புள்ளி: உள்ளே இருந்த தூசியோ நாரோ சூட்டில் கருகி ஒட்டிக்கொள்வதால் வரலாம். கருப்பு இன்னும் சூட்டை இழுக்கும் என்பதால் புள்ளி பெரிதாகலாம்.

5. மினுக்கல்: தட்டினாலோ ஆட்டினாலோ வெளிச்சம் விட்டுவிட்டு வந்தால், முதலில் பேட்டரி முனைகளையும் மரையையும் சுத்தமான துணியால் துடைத்து, இறுக்கிப் பாருங்கள். அதன்பிறகும் மினுக்கினால் தொடர்பில் கோளாறு. நடு வரப்பில் அணைந்துபோகும் லைட்டால் பயனில்லை.

6. பல எல்இடிகளில் ஒன்று மட்டும் மங்கலாக எரிவது: இது வடிவமைப்பு அல்ல, பழுது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். உச்ச வெளிச்சத்தில் போட்ட சில நிமிடங்களில் லைட் தானாகவே கொஞ்சம் மங்கினால் அது கோளாறு அல்ல. சூடு ஏறாமல் இருக்க லைட்டே மின்சாரத்தைக் குறைத்துக்கொள்கிறது.

வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது?

முதல் படி: பேட்டரியை முழுதாகச் சார்ஜ் போடுங்கள். முன் கண்ணாடியை மெல்லிய துணியால் துடையுங்கள். கைரேகை பட்டாலே வெளிச்சத்தில் மங்கல் தெரியும்.

இரண்டாம் படி: லைட்டை அணைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் கண்ணாடி வழியாக உள்ளே நேராகப் பாருங்கள். எல்இடி நடுவில் இருக்கிறதா, தூசி, கீறல், ஈரம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். எரியும் லைட்டுக்குள் எக்காரணம் கொண்டும் பார்க்காதீர்கள். குழந்தைகளையும் பார்க்க விடாதீர்கள்.

மூன்றாம் படி: சுவரிலிருந்து மூன்று அடி தள்ளி அடித்துப் பாருங்கள், பிறகு பத்து அடி. மூன்று அடியில் தெரிந்த குறை பத்து அடியில் மறைந்தால், பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்லை.

நான்காம் படி: அடித்தபடியே லைட்டைக் கையில் மெதுவாகச் சுழற்றுங்கள். கறை அல்லது தூக்கலான ஓரம் லைட்டோடு சேர்ந்து சுற்றினால் அது லைட்டில் இருக்கிறது. அப்படியே நின்றால் அது சுவரில் இருக்கிறது. சுண்ணாம்புச் சுவரின் மேடு பள்ளத்தைப் பார்த்து லைட்டைக் குறை சொல்பவர்கள் பலர்.

ஐந்தாம் படி: உள்ளங்கையிலும் செங்கல்லிலும் காய்ந்த வைக்கோலிலும் அடித்துப் பாருங்கள். நிறங்கள் உயிரோட்டமாக, பகலில் பார்ப்பது போலத் தெரிகிறதா? இதைத்தான் நிறம் காட்டும் திறன் என்கிறார்கள். பெட்டியில் சிஆர்ஐ என்று போட்டிருக்கும். 70 என்றால் சுமார், 90-க்கு மேல் என்றால் நல்லது. சிஆர்ஐ குறைந்த லைட்டில் சிவப்பும் பழுப்பும் செத்துப்போய் எல்லாமே ஒரே சாம்பல் மாதிரி தெரியும்.

ஆறாம் படி: இதுதான் முக்கியம். இருட்டில் வெளியே கொண்டுபோய்ப் பாருங்கள். வீட்டு வெளிச்சத்தில் இருந்து வந்த கண் இருட்டுக்கு முழுசாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதனால் உடனே தீர்ப்பு சொல்லாமல் கொஞ்ச நேரம் நடந்து பாருங்கள். சுவரில் உறுத்திய வளையம், மண்ணிலும் புல்லிலும் நெற்பயிரிலும் தெரிகிறதா? பெரும்பாலும் தெரியாது. ஒரே நிறத்தில் வழவழவென்று இருக்கும் வெள்ளைச் சுவர்தான் சின்னச் சின்ன வேறுபாட்டையும் பெரிதாகக் காட்டும்.

செல்போனில் படம் எடுத்து முடிவு செய்யலாமா?

அதை மட்டும் நம்ப வேண்டாம். கேமரா தானாகவே வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்றிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத வளையத்தைக்கூட படம் அடர்த்தியாகக் காட்டும். குறைந்த வெளிச்சத்தில் லைட்டை வைத்தால் கேமராவில் கோடு கோடாக ஓடுவதும் உண்டு. வெளிச்சத்தைக் குறைக்க சில லைட்டுகள் வேகமாக அணைந்து அணைந்து எரிவதால் அப்படி வருகிறது. அந்த வெளிச்சத்தில் கையை வேகமாக ஆட்டும்போது கை விட்டுவிட்டுத் தெரிந்தால், அது கண்ணை அசத்தும் வகை. தெரியவில்லை என்றால் பொருட்படுத்த வேண்டாம்.

கல்வெட்டைப் படிக்கவும் இதே வெளிச்சம்தான்

உத்திரமேரூர் என்றதும் நினைவுக்கு வருவது வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள். 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்த இவைதான் குடவோலை முறையை விவரிக்கின்றன. ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம், பொன்னின் தரத்தைக் கவனிக்கப் பொன் வாரியம் என்று தனித்தனிக் குழுக்கள் இருந்ததையும் அவை சொல்கின்றன.

இப்படிப்பட்ட பழைய கல்லில் தேய்ந்துபோன எழுத்தைப் படிக்க ஆய்வாளர்கள் ஒரு எளிய முறையைக் கையாள்வார்கள். விளக்கை எழுத்துக்கு நேராகப் பிடிக்காமல், சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் சாய்வாகப் பிடிப்பார்கள். அப்போது ஒவ்வொரு வெட்டுக்குள்ளும் நிழல் விழுந்து எழுத்து எழும்பித் தெரியும். நேராக அடித்தால் நிழல் இல்லை, எழுத்தும் தெரியாது.

வரப்பிலும் இதே கதைதான். நெற்றியில் கட்டும் லைட்டின் வெளிச்சம் கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே கிளம்புவதால், பொருளின் நிழல் அதற்குப் பின்னாலேயே மறைந்துவிடும். கையில் இடுப்பளவு தாழ்த்திப் பிடித்தால் பள்ளம், கல், சுருண்டு கிடக்கும் உருவம் எல்லாம் நிழலோடு தெரியும். மார்கழிப் பனியிலும் தாழ்த்திப் பிடிப்பதே நல்லது. பனியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைக் கூசுவது குறையும். லேசான மஞ்சள் வளையம் உள்ள லைட்டைச் சரியாகப் பிடித்தால், குறையே இல்லாத லைட்டைத் தப்பாகப் பிடிப்பதைவிட அதிகம் காட்டும்.

குறையே இல்லாத வெளிச்சம் ஆபத்தாகுமா?

ஆகலாம். வெகுதூரம் அடிக்கும் லைட்டின் நடுப்புள்ளி சின்னதாக, வெள்ளை வெளேரென்று, எந்தக் கறையும் இல்லாமல் இருக்கும். சுவரில் பார்க்க அழகு. ஆனால் நடுப்புள்ளி அளவுக்கு மீறிப் பளிச்சென்று இருந்தால் கண் அந்த வெளிச்சத்துக்குத் தன்னைச் சுருக்கிக்கொள்ளும். சுற்றியுள்ள இடம் இருட்டாகிவிடும். வரப்பில் நடப்பவருக்குத் தேவைப்படுவது அந்தச் சுற்றுப்புறம்தான்.

கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. பளபளக்கும் கரிய உடலில் மெல்லிய வெள்ளைப் பட்டைகள் இருக்கும். கண்ணாடி விரியன் பழுப்பு உடலில் சங்கிலி போன்ற கரும்பழுப்புத் திட்டுகளோடு, காய்ந்த சருகோடு சருகாகக் கிடக்கும். சுருட்டை விரியன் சின்னது, மண் நிறம். இவற்றைப் பார்க்க 300 மீட்டர் தூரம் அடிக்கும் லைட் வேண்டியதில்லை. முன்னால் இருக்கும் பத்துப் பதினைந்து அடியில் சீராகப் பரவி, பழுப்பையும் மண் நிறத்தையும் பிரித்துக் காட்டும் வெளிச்சம் வேண்டும்.

ஆகவே கழனிக்குப் போகிறவர் சுற்று வெளிச்சத்தைத்தான் கண்டிப்பாகச் சோதிக்க வேண்டும். காலடி விழும் இடத்தில் அகலமான இருட்டுப் பட்டை இருந்தால், அது எவ்வளவு விலை உயர்ந்த லைட்டாக இருந்தாலும் அவருக்கு ஒத்துவராது. ஏரிக்கரையின் மறுமுனையைப் பார்க்க வேண்டியவருக்கு நடுப்புள்ளி முக்கியம். இரண்டு வேலையும் செய்பவர் நடுத்தரமான ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

எந்த லைட்டும் முழுக் காப்பு அல்ல. பாம்பு கடித்துவிட்டால் வெட்டுவது, இறுக்கிக் கட்டுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்டவரை அதிகம் அசையவிடாமல், 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கோளாறுன்னு உறுதியாகிவிட்டால் என்ன செய்வது?

திருப்பி அனுப்புவதற்கான கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். பெட்டி, பில், வாரண்டி அட்டை மூன்றையும் பத்திரமாக வையுங்கள். முன்பக்க மூடியைத் திருகித் திறந்து நீங்களே எல்இடியை நகர்த்த முயல வேண்டாம். அப்படிச் செய்தால் வாரண்டி கிடைக்காமல் போகலாம்.

புகாரில் "வெளிச்சம் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் போதாது. "பத்து அடி தூரத்தில் நடுப்புள்ளி ஒரு பக்கம் இழுக்கிறது, லைட்டைச் சுழற்றினால் அதுவும் சுழல்கிறது" என்று நேராகச் சொல்லுங்கள். லைட்டைச் சுழற்றும் வீடியோவையும் எல்இடி தள்ளி உட்கார்ந்திருக்கும் படத்தையும் இணையுங்கள். இப்படித் தெளிவாகச் சொன்னால் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ விற்பவர் சொன்னபடியோ இருக்க வேண்டிய தரத்தில் ஏற்படும் குறையே "குறைபாடு". அதாவது "தண்ணீர் புகாது" என்று சொல்லி விற்றதில் உள்ளே ஈரம் படிந்தால், அது குறைபாடு. வளையமே இருக்காது என்று யாரும் உறுதி தராத நிலையில், மெல்லிய வளையத்தை வைத்து வழக்காடுவது கடினம்.

கடைக்காரரோ நிறுவனமோ பதில் தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஆன்லைனில் வேறு ஊர்க் கடையில் வாங்கியிருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்துக்கான ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

வைத்துக்கொள்வதா, அனுப்புவதா?

முடிவெடுக்கும் முன் மூன்று கேள்விகள்:

- நான் பயன்படுத்தும் தூரத்தில் இந்தக் குறை கண்ணுக்குத் தெரிகிறதா?
- இதனால் நான் பார்க்க வேண்டிய எதையாவது பார்க்க முடியாமல் போகிறதா?
- இது நாளாக நாளாக மோசமாகக்கூடியதா?

மூன்றுக்கும் "இல்லை" என்றால் நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம். ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் தயங்காமல் திருப்பி அனுப்பலாம்.

சுவரில் மட்டும் தெரியும் மஞ்சள் வளையத்துக்காக நல்ல லைட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, மாற்று வரும்வரை செல்போன் வெளிச்சத்தில் கழனிக்குப் போவது புத்திசாலித்தனம் அல்ல. அதேபோல, "காசு போட்டாச்சு, இருக்கட்டும்" என்று மினுக்கும் லைட்டோடு மழை ராத்திரியில் கரையில் நடப்பதும் ஆபத்துதான். வாங்கிய முதல் வாரத்திலேயே ஒரு இரவு வரப்பில் நடந்து பார்த்துவிட்டால், எந்தப் பக்கம் முடிவெடுப்பது என்று தெரிந்துவிடும்.